ரசீது இல்லாத பங்கு

சிலுவைதாசனுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் பத்தொன்பது வருடத்தை வளைகுடாவில் ஓர் அரபியின் மீன்பிடி லாஞ்சில் கழித்தான். போகும்போது பொழியூர்க் கரையில் இரண்டு சென்டில் ஓலை வீடு. திரும்பி வரும்போது அதே இரண்டு சென்டில் கான்கிரீட் வீடு. பத்தொன்பது வருடத்து உழைப்பை வேறெங்கும் போய்த் தேட வேண்டாம்.

அந்த நாட்டில் வெளிநாட்டான் வேலை செய்ய வேண்டுமானால் வருடா வருடம் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அரசாங்கம் ஒரு கட்டணம் வைத்திருக்கிறது, சின்னத் தொகையல்ல. கட்ட வேண்டியவர் முதலாளி. சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதி என்ன, லாஞ்சில் இருந்த ஏழு பேருக்கும் மீனின் போக்கு தெரியும், காற்றின் போக்கு தெரியும், சர்க்காரின் போக்கு தெரியாது.

அதைத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். சஜன். வெள்ளறடைப் பக்கம் ரப்பர்க்காட்டில் பிறந்து, வலையில் ஒரு நாளும் கை வைக்காதவன். அரபிக்கு லாஞ்சின் கணக்கெல்லாம் பார்ப்பவன் அவன்தான். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், அரிசிச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போட்டுத் தருவான். வருடத்தில் ஒரு தடவை மட்டும் 'சர்க்கார் பங்கு' என்று ஆளுக்கு ஒன்றரை மாதச் சம்பாத்தியத்தை எடுத்து வைத்துக்கொள்வான். பெர்மிட் கார்டுகளையும் கடலில் நனைந்துவிடும் என்று அவனே பூட்டி வைத்திருந்தான். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

சிலுவைதாசனுக்கு இதில் புதுமையாக எதுவும் தெரியவில்லை. பொழியூரில் வள்ளம் கரை அடைந்து மீன் விற்றதும் முதலில் எடுப்பது கோயில் பங்கு. மிச்சத்தைத்தான் ஆட்கள் பிரிப்பார்கள். அங்கே கோயில், இங்கே சர்க்கார். அவன் மனதில் இரண்டும் ஒன்றாகவே கிடந்தன. புதிதாக வந்த பையன்கள் முணுமுணுத்தால் அவனே அடக்குவான்.

"எலே மக்கா, கோயில் பங்குக்கு எவனாவது கணக்கு கேப்பானா? இதும் அதுபோல ஆக்கும். பேசாம குடு."

இந்த வாக்கியம் சஜனுக்கு மிகவும் பிடித்துப்போனது. பிற்பாடு அவனும் இதையே சொல்லத் தொடங்கினான்.

ஊரிலிருந்து இதைப் பற்றி ஒரே ஒரு தடவை கேள்வி வந்தது. கேட்டவள் அவன் மனைவி லில்லிக்குட்டி. பொழியூர்க் கரையில் தன் அண்ணன் யோசுவாவின் வள்ளத்து மீனை ஏலம் விடுகிறவள். அவள் கரையில் நின்று விலை கூவினால் கோயில் நடையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். சிலுவைதாசன் வளைகுடா போன மூன்றாம் வருடம் போனில் கேட்டாள், "இவ்வளவு பைசா எடுக்கானே, ரசீது தந்தானா?"

"கோயில் பங்குக்கு ரசீதா வாங்குற? கரையில நிக்கிய உனக்கு இங்குள்ள காரியம் என்ன தெரியும்?" என்றான் சிலுவைதாசன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

போன வருடம் லில்லிக்குட்டியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, கெட்ட கட்டி, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். குரல் நரம்பை ஒட்டி இருப்பதால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

"அறுக்கதுக்கு முன்ன ஒருக்கா வந்திருங்க. இந்தக் குரல்ல ரெண்டு வார்த்த உங்க மொகத்தப் பாத்துப் பேசணும். போன்ல பேசிப் பேசி மடுத்தாச்சு" என்றாள்.

"வாறேன்" என்றான். டிக்கெட் எடுக்கக் கார்டு வேண்டும் என்று சஜனிடம் கேட்டான். நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். ஐந்தாம் நாள் சிலுவைதாசன் பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு, அரசாங்க விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுக்கும் டைப்பிங் சென்டருக்குப் போனான். அங்கே இருந்தவன் நெய்யாற்றின்கரைக்காரன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"சேட்டா, மூணு கொல்லமா ஃபீஸ் அடச்சிட்டில்லல்லோ."

மூன்று வருடமாகக் கட்டணம் கட்டப்படவில்லை. கட்டாத ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அபராதம் அரபியின் பெயரில் இல்லை, சஜனின் பெயரிலும் இல்லை. வெயிலில் வலை இழுத்தவனின் பெயரில் இருந்தது. அதைக் கட்டாமல் விமானம் ஏற முடியாது. கட்டுவதானால் கான்கிரீட் வீட்டை விற்க வேண்டும். போகட்டும் என்று பார்த்தால், "ஃபீஸ் தொழிலாளி கொடுக்கண்டதே இல்ல, அது முதலாளி கொடுக்கண்டதாணு" என்று அதையும் சேர்த்துச் சொன்னான் அந்தப் பாவி.

சிலுவைதாசன் நேரே சஜனிடம் போனான். "எனக்க பைசாவுக்கு ரசீது எங்கடே?"

சஜன் பதறவில்லை. "ரசீதா? இது கோயில் பங்குபோல ஆக்கும்னு நீங்கதானே அண்ணே எல்லாருட்டயும் சொன்னிய."

வழக்குப் போடலாம் என்று பலரும் சொன்னார்கள். வழக்கு முடியும்வரை அந்த நாட்டிலேயே கிடக்க வேண்டும் என்றும் அவர்களே சொன்னார்கள்.

குறித்த தேதியில் லில்லிக்குட்டிக்கு அறுவை நடந்தது. புருஷன் போட வேண்டிய கையெழுத்தை யோசுவா போட்டார். அன்றைக்கும் சிலுவைதாசன் கடலில் வலைதான் இழுத்துக்கொண்டிருந்தான். பெர்மிட் இல்லாதவனுக்கு வேலையில் மட்டும் குறைவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனில் யாரோ கரகரவென்று காற்றாகப் பேசினார்கள். யார் என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் புரிந்தது.

ஐந்து மாதம் போனபின் அந்த அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. அபராதம் தள்ளுபடி, ஆனால் இனித் திரும்பி வரக்கூடாது. செய்த குற்றம் என்னவென்று தெரியாமலே வரிசையில் நின்று பத்து விரலையும் பதித்து, மன்னிக்கப்பட்டவனாக வீடு வந்து சேர்ந்தான்.

வந்த நாலாம் நாள் காலை லில்லிக்குட்டியோடு கரைக்குப் போனான். அவளால் இனி ஏலம் கூவ முடியாது. அவள் விரலால் விலை காட்ட, அவன் கூவினான். முதல் கூறு சாளை மீன் விற்றது. கோயில் கமிட்டி ரெத்தினதாஸ் வந்து பங்கை எண்ணி வாங்கினான். பிறகு கக்கத்தில் இருந்த புத்தகத்தை எடுத்து, எழுதி, ஒரு தாளைக் கிழித்து லில்லிக்குட்டியிடம் நீட்டினான்.

"இது என்னதுடே?" என்றான் சிலுவைதாசன்.

"ரசீது அண்ணே."

"இது எப்ப முதல்?"

"எனக்க அப்பன் காலம் முதலே உண்டே. வள்ளம் கரை அடுத்ததும் நீங்க ஆம்பிளைய எல்லாம் போய்ப் படுத்திருவிய. பைசாவும் ரசீதும் பொம்பளைய கையிலதானே."

உண்மைதான். கரையில் இருந்த காலத்திலும் அவன் மீனை இறக்கிப் போட்டதோடு சரி. விற்றதும் கொடுத்ததும் வாங்கியதும் எல்லாம் அவள்தான். பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோலப் பத்தொன்பது வருடம் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்திருக்கிறான்.

லில்லிக்குட்டி தாளை மடித்து இடுப்பில் செருகினாள். ஏதோ சொன்னாள். கடல் இரைச்சலில் கேட்கவில்லை. அவள் வாயருகே காதைக் கொண்டுபோனான்.

"அன்னைக்கு போன்ல இதத்தான் சொல்ல வந்தேன்" என்றாள். "நீங்க வச்சிட்டிய."

அடுத்த கூறு என்ன விலை என்று வியாபாரிகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களைக் காட்டினாள்.