மூன்று மாதச் சர்க்கரை

அவருக்கு ஆகாசம் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று அந்த இரும்புக் கிடங்கில் யாருக்கும் ஞாபகமில்லை. காலையில் கிரேன் ஏணியில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார். மேலே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடி அறை, அதில் ஒரு கிழிந்த நாற்காலி. வீட்டில் மனைவிக்கும், வேலையில் சூப்பர்வைசருக்கும், தெருவில் வீட்டுக்காரருக்கும் தலையாட்டியே கழுத்து சுளுக்கிப்போன மனிதர் அங்கே மட்டும் ராஜா. அவர் கையசைத்தால்தான் கீழே இரும்பு நகரும். சொல்லப்போனால் அந்த நாற்காலியைத் தவிர அவருக்கென்று வேறு பெருமை எதுவும் கிடையாது.

மேலே ஒரே குறை, கழிப்பறை இல்லை. இறங்கி ஏறுவதற்குள் வேலை நின்றுபோகும், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள். அதனால் கிரேன்காரர்கள் பொதுவாகவே தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள். ஆகாசம் யோசிப்பதையும் விட்டுவிட்டார். வாய் உலர்ந்தால் எலுமிச்சை மிட்டாய். ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், தாகம் அடங்கியது போல இருக்கும். கீழே நின்று கைச்சாடை காட்டுபவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அக்கா புருஷன் பட்டினி கிடக்கக் கூடாதே என்று அவன் கயிற்றில் வாளி கட்டி சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் பன்னும் மேலே அனுப்புவான். கடைக்குப் போனால் மிட்டாய் பொட்டலம் வாங்கி வருவதும் அவன்தான். பாசத்துக்குக் குறைச்சல் இல்லை.

உடம்பில் சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் இவர் மிட்டாய் தின்பார். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்வது என்பார்களே, அதை அந்த மனிதர் வருஷக்கணக்கில் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் செய்துகொண்டிருந்தார்.

தெரியாமல் செய்தார் என்று சொல்லித் தப்பிக்க வைக்கவும் முடியாது. கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை கூடியிருந்தால் ஏணி ஏற விடமாட்டார்கள். அந்தத் தேதி தெரிந்ததும் ஆகாசம் பரீட்சைக்கு முந்தின வாரம் புத்தகத்தைத் தூக்குகிற பையனாக மாறிவிடுவார். கீரை, வெள்ளரிக்காய், வேகவைத்த முட்டை. சோற்றை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். விடிந்ததும் வேர்க்க விறுவிறுக்க நடை. ரத்தம் கொடுத்துத் தேறியதும் பேக்கரி வழியாகத்தான் வீட்டுக்கு வருவார். டாக்டருக்கே தண்ணி காட்டிவிட்டோம் என்று மைத்துனனிடம் சொல்லிச் சிரிப்பார். அவனும் கூடச் சிரிப்பான். சலவைக் கூடத்தில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டுவிட்டு வரும் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள்.

பிறகு புது டாக்டர் வந்தார், சின்ன வயசுப் பெண். வழக்கமான ரத்தத்தோடு இன்னொரு குப்பியும் எடுத்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருந்தது. இன்னொன்று பயங்கரமாக இருந்தது. ஆகாசம் ஏதோ கலந்துபோயிருக்கும், வேறு யாருடைய ரத்தமோ என்றார். டாக்டர் கோபப்படவில்லை.

"நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு இந்த டெஸ்ட் கேக்காதுங்க. மூணு மாசமா என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் முகம் எப்படியிருக்கும், அப்படியிருந்தது அவர் முகம். ஏணி நிறுத்தப்பட்டது. மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை கீழே கொக்கிகளுக்கு கிரீஸ் தடவும் வேலை. அவர் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்தான். முதல் நாள் அந்தக் கிரேன் அசைந்தபோது, கையில் கிரீஸ் துணியோடு நின்ற ஆகாசத்துக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கப் போய் முகமெல்லாம் கிரீஸ். சிரித்தவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை.

அன்றைக்கு வீட்டில் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் மிட்டாய்ப் பொட்டலங்களை அள்ளித் தம்பி கையில் கொடுத்து, இனி இந்தப் பாசத்தையெல்லாம் உன் வீட்டில் வைத்துக்கொள் என்று அனுப்பினாள். தட்டில் முதலில் காய் வந்தது, பிறகு பயறும் முட்டையும். சோறு கடைசியில், பேருக்குக் கொஞ்சம். ஆடு மாடு மாதிரி தழையைத் தின்ன வைக்கிறாள் என்று புலம்பிக்கொண்டே தின்றார். டீயில் சர்க்கரை நின்றது. தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்தார். அவ்வளவு சாதாரணமான ஒரு காரியத்தைச் செய்யத் தரையில் இறங்கி நிற்கவேண்டியிருந்ததே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

சாப்பிட்ட கையோடு இருவரும் நடப்பார்கள். தெருமுனை வரை, அங்கிருந்து பள்ளிக்கூடச் சுவர் நெடுக, திரும்பி வீடு. நாளெல்லாம் நின்ற காலோடு அவள் ஏன் நடக்கவேண்டும்? வரவேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். தனியாக விட்டால் பேக்கரிப் பக்கம் கால் திரும்பும் என்றாள் அவள். உண்மைதான், திரும்பியிருக்கும். மெல்ல இடுப்பில் பேன்ட் தளர்ந்தது. மத்தியானத்தில் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும் தூக்கம் நின்றது. மறுபடியும் மேலே ஏறிவிடலாம் என்று ஆகாசம் நம்பத் தொடங்கினார். அந்த நம்பிக்கைதான் அவரை நடக்க வைத்தது, கீரை தின்ன வைத்தது, மைத்துனன் பழக்கதோஷத்தில் நீட்டிய பன்னை வேண்டாம் என்று தள்ள வைத்தது.

ஒரு நாள் நடந்துவிட்டு வந்து அவர் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் முழுக்க ரத்தம். ஷூவுக்குள் கூரான ஒரு சரளைக்கல். மனைவி அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்பங்க குத்துச்சு?"

"தெரியல."

"வலிக்கலையா?"

பாதம் மரத்துப்போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஏணிப்படியில் கால் பதிந்துவிட்டதா என்று கண்ணால் குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் ஏறிக்கொண்டிருந்தார். அதையும் ஒரு சாமர்த்தியமாகவே நினைத்திருந்தார். டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றாள் அவள். சொன்னால் மேலே விடமாட்டார்கள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. அவள் புண்ணுக்கு மருந்து போட்டாள், டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை. அது தப்பு என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதம் முடிந்து இருவரும் போனார்கள். டாக்டர் முடிவைப் பார்த்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இவ்வளவு இறங்கும் என்று நான் நினைக்கவில்லை என்றார். மனைவியைப் பார்த்து, இது உங்கள் வேலைதானே என்று கேட்டார். ஆகாசத்துக்கு அந்த அறையே வெளிச்சமானது போலிருந்தது. எப்போது ஏறலாம் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் டாக்டர் சாக்ஸைக் கழற்றச் சொன்னார்.

பேனா போன்ற ஒரு பிடியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நூல். அதை முதலில் அவர் கையில் தொட்டுக் காட்டினார் டாக்டர். கண்ணை மூடிக்கொள்ளவேண்டும், பாதத்தில் பட்டதும் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

ஆகாசம் கண்ணை மூடினார். காத்திருந்தார். எதுவும் படவில்லை. இன்னும் தொடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். பிறகு, தொட்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. பழைய புத்தி எங்கே போகும்?

"இப்போ" என்றார்.

சற்று விட்டு, "இப்போ, கட்ட வெரல்ல" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டு, "இப்போ குதிகால்ல. நல்லா தெரியுது, டாக்டரம்மா."

மனைவியின் கை அவர் தோளில் விழுந்தது.

"போதுங்க. கண்ணத் திறங்க. அவங்க அத அப்பவே கீழ வச்சிட்டாங்க."

திறந்தார். நூல் மேசைமேல் கிடந்தது. டாக்டர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரையை இப்படியே வைத்துக்கொண்டால் கண்ணும் சிறுநீரகமும் பிழைக்கும், காலில் புண் வராமல் காப்பாற்றலாம் என்று மெதுவாகச் சொன்னார். போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்றார். ஏணியைப் பற்றி அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

ஆகாசம் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார்.

"சர்க்கரையில ஏமாத்தல, டாக்டரம்மா. இந்த மூணு மாசமும் நெசமாத்தான் இருந்தேன்."

"தெரியும்" என்றார் டாக்டர்.

மனைவி குனிந்து அவர் காலுக்கு சாக்ஸையும் ஷூவையும் மாட்டத் தொடங்கினாள். அவர் கண்கள் எதிர்ச் சுவரிலேயே இருந்தன. அவள் கயிற்றை இறுக்கி முடிந்து, எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஷூவ மாட்டிட்டியா?" என்று கேட்டார் அவர்.