எழுத்தும் எண்தான்

என் தங்கை அச்சியாவின் நடு மகள் போக்குவா, கானா நாட்டின் குமாசி நகரில் வண்டிகளின் கம்ப்யூட்டர் பெட்டியைப் பழுது பார்ப்பவள். தாய்மாமன் அடக்கத்துக்குக் கறுப்புத் துணி உடுத்தி முப்பது பேர் பேருந்தில் ஏறிவிட்டோம். வண்டி கிளம்பவில்லை; புதுச் சாவியை ஏற்க நாலு இலக்க எண் கேட்டது. மூன்று முறை தவறினால் பெட்டி பூட்டிக்கொள்ளும். மெக்கானிக் ஒபிரி இரண்டு முறை தவறிவிட்டு, எங்களோடு இருந்த போக்குவாவைக் கூப்பிட்டான்.

"பெட்டிக்குள்ள 0D7Cன்னு இருக்குக்கா. எழுத்தை விட்டுட்டு, பூஜ்யம் சேர்த்து அடிச்சுப் பார்த்தேன்."

"எழுத்தை ஏன்டா விட்ட? இது பதினாறு பதினாறா எண்ணுற கணக்கு. ஒம்பதுக்கு மேல எழுத்துதான் எண்ணு."

அவள் கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து, பதினாறின் வரிசையில் அதைத் தட்டினாள். பத்தின் வரிசையில் 3452 வந்தது. கீழே ஒன்றும் பூஜ்யமுமாய் ஒரு நீளவால்.

"அடி, சீக்கிரம்! மாமா காத்திருக்காரு!" என்று கத்தினோம்.

"மூணு மாசமா பிணவறை ஐஸ்ல காத்திருக்காரு. இன்னும் ஒரு நிமிஷம் இருக்க மாட்டாரா?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பத்தின் வரிசையில் 3452 தட்டினாள். மேலே 0D7C திரும்பி வந்த பிறகே வண்டியில் 3452-ஐ அடித்தாள். எஞ்சின் உறுமியது.

எங்கள் வம்சத்தில் எல்லாரும் அவசரக்காரர்கள். இந்த நிதானம் இவளுக்கு யாரிடமிருந்து வந்ததென்று வழியெல்லாம் யோசித்தேன், ஒருவரும் அகப்படவில்லை.