தேர்வு வாசலில் ஓர் அம்மா

கருங்கல் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியொன்றில் என் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. வாசலில் நின்ற துப்புரவுப் பணியாளர் குள்ளமான அம்மா. நரைத்த தலை, சேலைமேல் நீலக் கோட்டு. உள்ளே போகும் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தொட்டுப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கித்தான் அனுப்புவார்.

கணக்குத் தேர்வன்று மகள் வாசலிலேயே வாந்தியெடுத்தாள். அதுவரை நான் அவளிடம் சூத்திரங்களைக் கேட்டுக்கொண்டே வந்திருந்தேன். அவள் முகத்தைக் கழுவிவிட்ட அந்த அம்மா, குளிர்ந்த கையைத் தேய்த்தபடி என்னிடம் சொன்னார்:

“சார், கொஞ்சம் அங்ஙன மாறி நில்லுங்க. உங்களக் கண்டாத்தான் பிள்ளைக்க கை தணுக்குது.”

சாலையின் மறுபக்கம் போய் நின்றேன். மகள் அவரிடம் ஏதோ சொல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டேன்.

“அத அவளே சொல்லட்டும், சார்.”

மகள் இன்னும் சொல்லவில்லை.