நூரம்மா வீட்டு மிட்டாய் டப்பா

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மிட்டாய் விழும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

சடசடவென்று... ஆலங்கட்டி மழை மாதிரி. டிசம்பர் பிறந்துவிட்டால் ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் கேரல் பாட்டுக்காரர்களின் டெம்போ நுழையும். அதன் மேல் நின்றபடி, பிளாஸ்டிக் முகமூடி மாட்டிய கிறிஸ்மஸ் தாத்தா மிட்டாயை அள்ளி அள்ளி வீசுவார். பாதி எங்கள் கையில், பாதி கூரையில்.

ஆரஞ்சு மிட்டாய், காபி மிட்டாய், பல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் கமர்கட்டு... போதாததற்கு வீடு வீடாய்த் தட்டில் வரும் கல்கல், அதிரசம், கேக். பொங்கல் வரைக்கும் வாய் மூடாது.

எல்லோருக்கும் அது கொண்டாட்டம். அம்மாவுக்கு மட்டும் திண்டாட்டம்.

காரணம் இருந்தது. அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே முன்பல் சொத்தையாகி விழுந்துவிட்டது. எதற்குச் சிரித்தாலும் முந்தானை வாய்க்குப் போய்விடும். கல்யாண போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்பாள். "எம் பொண்ணாச்சும் நல்லா வாயத் தொறந்து சிரிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

வீட்டில் எங்கே ஒளித்தாலும் நான் மோப்பம் பிடித்துவிடுவேன். அரிசிப் பானை, பீரோ மேல், தையல் மெஷின் டிராயர்... எல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். வந்த மிட்டாயையெல்லாம் ஒரு நீல பிஸ்கட் டப்பாவில் போட்டு, பக்கத்து வீட்டு நூரம்மாவிடம் கொடுத்து வைத்துவிடுவாள். நூரம்மாவும் சளைத்தவர் இல்லை. நோன்புப் பெருநாள் வந்தால் அவர் மகன் காதருக்குச் சேர்ந்த மிட்டாய் மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

பெற்ற பிள்ளையை விரட்டுவதில் இருவரும் கெட்டிக்காரிகள். ஆனால் எங்கள் சந்தில், அடுத்த வீட்டுப் பிள்ளை வாசலில் வந்து நின்றால் வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கமே கிடையாது. இதை இருவருமே யோசிக்கவில்லை!

நான் ஒன்றும் கேட்கவே மாட்டேன். நூரம்மா வீட்டுக் கதவில் சாய்ந்து நிற்பேன், அவ்வளவுதான். "இன்னாமா, மூஞ்சி வாடிக் கீது?" என்று கேட்டுக்கொண்டே டப்பாவைத் திறந்துவிடுவார்.

எனக்கு எட்டு வயதானபோது, புத்தாண்டு முடிந்த கையோடு கடைவாயில் வலி ஆரம்பித்தது. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை. கன்னம் வீங்கிவிட்டது. கல்மண்டபம் பக்கம் இருந்த பல் டாக்டரம்மாவிடம் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நூரம்மாவும் காதரின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"பால் பல்லுதானே டாக்டர்? வுழுந்து மொளைக்கும்ல?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. ஆறு வயசுல பின்னாடி முளைக்குற பல்லு இது. விழுந்தா திரும்ப வராது."

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் விடாமல் கேட்டார். "எவ்வளவு மிட்டாய் சாப்பிடுறா?"

"சாப்ட்ட பெறவு ஒண்ணே ஒண்ணு, டாக்டர். டப்பா எங்க வூட்லயே இல்ல. இவங்க வூட்லதான் கீது."

எல்லோரும் நூரம்மாவைப் பார்த்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"புள்ள வந்து நின்னா எப்டி டாக்டர் இல்லன்றது? அடுத்தவங்க வூட்டுப் புள்ளயாச்சே..."

அம்மா சண்டைக்குத்தான் திரும்பினாள். வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் மெதுவாகக் காதர் பக்கம் போனது.

"டாக்டர்... இவன் பல்லையும் கொஞ்சம் பாத்துடுங்க. எங்க வூட்லயும் அதே கததான்."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. காதருக்கு இரண்டு சொத்தை. என் பல் நல்லவேளையாகப் பிழைத்தது. குடைந்து சுத்தம் செய்து, வெள்ளி நிறத்தில் அடைத்துவிட்டார். பிடுங்க வேண்டாம் என்று அவர் சொன்னதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"நாள் பூரா வாயில போட்டு ஊற வைக்காதீங்க. சாப்பாட்டோட சேர்த்துக் குடுத்துட்டு, தண்ணியில கொப்பளிக்க வைங்க. ராத்திரி பல்லு விளக்காம படுக்க விடாதீங்க" என்றார் டாக்டர்.

அதன் பிறகு டப்பா திறப்பது மத்தியானச் சாப்பாடு முடிந்துதான். இரண்டு அம்மாக்களும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் கைபம்பு அடியில் நானும் காதரும் கொப்பளித்துத் துப்புவோம், யார் தண்ணீர் தூரமாகப் போகிறது என்று போட்டி. ராத்திரி எங்கள் வீட்டில் எனக்கும் அங்கே அவனுக்கும் பல் துலக்கும் தண்டனை.

இப்போது நான் தண்டையார்பேட்டையில், நாலாவது மாடி. நூரம்மா கொடுங்கையூர்ப் பக்கம் போய்விட்டார். பண்டிகைக்குப் போன் செய்தால் முதல் கேள்வியே, "பல்லு எப்டிமா கீது?"

என் மகள் ஜெனிக்கும் எட்டு வயதாகிறது. அவளுக்கென்று தனி பேஸ்ட், வருஷா வருஷம் செக்கப். மிட்டாய் டப்பா ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கும். கொடுத்து வைக்கத்தான் ஆள் இல்லை. எதிர் வீட்டுக்காரரோடு லிஃப்டில் தலையாட்டுவதோடு சரி, பெயர்கூடத் தெரியாது. நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நூரம்மா டப்பா கதையை அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, சொல்லி வைத்திருந்தாள். போன கிறிஸ்மஸுக்கு டப்பா நிறைந்ததும் ஜெனி கேட்டாள். "அம்மா, ஆயா சொன்ன மாதிரி எதிர் வீட்ல குடுத்து வைக்கட்டுமா?"

அவள் கண்ணில் இருந்த திருட்டுத்தனம் எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கூடவே போனேன். முதல்முறையாக அந்த பெல்லை அடித்தேன்.

கதவைத் திறந்த பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். டப்பாவை வாங்கிக்கொண்டவர், கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"சரிங்க... ஆனா பாப்பா வந்து நின்னா எப்படிங்க இல்லன்னு சொல்றது?"

நானும் வாய்விட்டுச் சிரித்தேன். டப்பாவைத் திருப்பி வாங்கவில்லை.

அன்று ராத்திரி ஜெனிக்கு நானே பக்கத்தில் நின்று பல் துலக்கிவிட்டேன். ஆறு வயதில் முளைத்த அந்தக் கடைவாய்ப் பல்லை மட்டும் இன்னொரு தடவை.