மதிய இடைவேளையில் மூடாத கதவு

நம் கிளை நூலகர் கஸ்தூரி மேடம் தவறிய செய்தியைப் போன மாதம் மெர்சிதான் எனக்குப் போனில் சொன்னாள். அரசுத் தேர்வுக்காக நூலகத்தில் படிக்கும் பெண் அவள். "காலையில நெஞ்சு வலின்னாங்களாம் சார். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றவள், "இனிமே மத்தியானம் நாங்க எங்க சார் போறது?" என்று கேட்டாள். அது சுயநலமாக எனக்குப் படவில்லை. மேடத்தை அறிந்தவர்களுக்கும் படாது.

நூலகத்துக்கு மதியம் நீண்ட இடைவேளை உண்டு. முன்பெல்லாம் கதவு மூடியதும் மெர்சியும் தோழிகளும் முடிச்சூர் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் புத்தகத்தோடு வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். வீடு ஒரே அறை, டிவி சத்தம், படிக்க முடியாது. அதைப் பார்த்த மேடம், வீட்டுக்குச் சாப்பிடப் போவதையே நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தார். "லைப்ரரி மூடியாச்சு. நான் சாப்பிடுறேன். தனியா சாப்பிட்டா எனக்கு இறங்காது, துணைக்கு இருங்கம்மா" என்றார்.

தினமும் செய்தித்தாள் மேசையைச் சுற்றி உட்காரும் எங்களுக்குப் பொறுக்குமா? "அந்தப் பொண்ணுங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" என்று மரக்கடை ஏகாம்பரம் சண்டைக்குப் போனார்.

"தாராளமா இருங்கண்ணா. ஆனா பேச்சு கிடையாது, அரசியல் கிடையாது."

ஏகாம்பரம் கொஞ்ச நேரம் நெளிந்தார். "இதுக்கு வூட்ல பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிகினு இருக்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

நான் மட்டும் சில நாட்கள் தங்குவேன். ஒருமுறை தேர்வு முடிவு வந்த மறுநாள் மெர்சி தலைகுனிந்து உள்ளே வந்தாள். "என்னம்மா ஆச்சு? எத்தனை மார்க்?" என்று ஆரம்பித்தேன். மேடம் மோர்க்குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க சார்" என்றார். அவள் தள்ளிப்போய் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "வீட்ல, தெருவுல, சர்ச்சுல எல்லாரும் கேட்டு முடிச்சிருப்பாங்க. கேக்காத இடம் ஒண்ணாவது வேணாமா சார்?"

இப்போது மதியத்தில் அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. புதிதாக வந்தவரைக் குறைசொல்ல முடியாது. வேலை நேரம் அப்படித்தான். மெர்சியும் தோழிகளும் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருகிறார்கள்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கேட்காமல் இருக்கும் பழக்கம். காலமெல்லாம் வகுப்பில் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவனுக்கு அது சுலபமாக வருவதில்லை. நேற்று மெர்சி புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. எழுந்துபோய் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்தேன்.