கறுப்புக் கதவில் நின்றவர்

சிவசங்கரி ஒரு வருடமாகக் கண்ணாடி பார்க்காதவள். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியையும் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள். ஏன்டி இப்படி என்று கேட்டால், "பொட்டு வெக்கிறதா வேணாமான்னே தெரியாதவ எதுக்குக்கா கண்ணாடி பாக்கணும்?" என்பாள். அவள் புருஷன் பலராமன், சுனாமி வந்த அன்று காலையில் வலையெடுக்கக் கடலுக்குப் போனவன். அவனும் வரவில்லை, அவன் உடம்பும் வரவில்லை.

நான் ஜான்சி. மரக்காணத்தில் ஈசிஆர் ஓரம் டீக்கடை வைத்திருக்கிறேன். என் கடையை ஒட்டியே அசோகனின் வாட்டர் சர்வீஸ் ஷெட். அங்கேதான் சிவசங்கரி கார் கழுவினாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசுக் கதையெல்லாம் ஆகாது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கடல் பக்கமிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்களாம், வாசலில் ஈரக்கால் தடம் இருந்ததாம். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அப்படி அளந்தவர்களை, டீ குடித்தாயிற்று அல்லவா, நடையைக் கட்டுங்கள் என்று விரட்டியவள் நான். இனி நான் சொல்வதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சிவசங்கரி உப்பளத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். பாவாடை கட்டும் வயதிலேயே பலகை பிடித்து உப்பு வாரினாள். பார்ப்பதற்கு அது சுலபமான வேலை. பாத்தியில் விளைந்த உப்பை இழுக்கும்போது அடியில் இருக்கிற சேறு கிளம்பக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கை ஒரு துளி அதிகமாக அழுத்தினால் வெள்ளை உப்பு சாம்பலாகிப் போகும், மேஸ்திரி வாயில் விழ வேண்டும். சிவசங்கரி வாரிய உப்பில் சேறு இருந்து யாரும் பார்த்ததில்லை. அவள் கைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும்.

கடலோரக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டபின் பலராமன் பிடித்து வரும் மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றாள். இரண்டு பேரும் விடிந்தால் சண்டை போடுவார்கள், பொழுது சாய்வதற்குள் சிரித்துக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். எரிச்சலாக இருக்கும். சுனாமிக்குப் பிறகு அவள் மீன் கூடையைத் தொடவில்லை. எந்த மீன் எதைத் தின்றதோ என்றாள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு நானும் வெகுநாள் மீன் வாங்கவில்லை.

அவள் மாமியார் பொன்னம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. உடம்பு வராதவர்களுக்கும் குப்பத்தில் காரியம் செய்தார்கள். இறந்தவர் உடுத்திய சட்டையைக் கடற்கரையில் கிடத்தி, அதற்கு வாய்க்கரிசி போட்டு, பெண்சாதியின் தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போடுவார்கள். ஒவ்வொரு வீடாக அது முடிந்து, இவர்கள் வீடு மட்டும் பாக்கி. வருஷம் திரும்புவதற்குள் செய்துவிட வேண்டும் என்று கிழவி குதியாய்க் குதித்தாள். காரியம் பண்ணாததால் என் மகன் பட்டினியாய் அலைகிறான், சோறு போட விடமாட்டேன் என்கிறாளே என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். இவளோ உடம்பைக் காட்டுங்கள், கழற்றுகிறேன் என்பாள். தலைகீழாக நின்றாலும் அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. கார்த்திகை வந்துவிட்டது, வருஷம் முடியப் போகிறது, இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கறுப்பு கார் வந்தது. வானூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் காசிலிங்கத்தின் கார். மகள் கல்யாணத்துக்குப் பளபளவென்று வேண்டும் என்று விட்டுப்போனார். பாலீஷ் போடும் சுரேஷ் மெட்ராசுக்குப் போய்விட்டிருந்தான். அசோகனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை. வேறு வழியில்லாமல் பாலீஷ் மெஷினைச் சிவசங்கரி கையில் கொடுத்தான்.

அதற்கு முன் ஒரு பழைய பானெட்டில் அவளைப் பழக விட்டான். அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். காம்பவுண்ட் பசையைக் கொஞ்சமாகத் தடவு, மெஷினை ஓடவிட்டு நகர்த்திக்கொண்டே இரு, ஓரிடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பெயிண்ட் எரிந்துவிடும். புதிதாகப் பிடிப்பவர்களை மெஷின் இழுத்துக்கொண்டு ஓடும் என்பார்கள். இவள் கையில் அது கன்றுக்குட்டி மாதிரி அடங்கிப் போயிற்று.

முதல் நாள் பானெட்டும் மேற்கூரையும் முடித்தாள். வேக்ஸை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டபோது, கறுப்பின்மேல் வெள்ளையாகப் படர்ந்தது, பாத்தியில் உப்புப் பூப்பது போலத்தான். பிறகு துணியால் துடைத்தாள். மழை விட்டு வெயில் வந்த நேரம் அது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம் முழுக்க மழைத்தண்ணீர், கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல்கள், வானம் எல்லாம் அந்தக் கறுப்புக்குள் தலைகீழாக நின்றன. அதில் அவள் முகமும் இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு தன் முகத்தை அவள் பார்க்கிறாள், பாவம் என்று நினைத்தேன். ஆனால் அவள் பார்த்தது தன் முகத்தை இல்லை. தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். சட்டென்று திரும்பினாள். ஷெட்டில் யாரும் இல்லை.

டீ குடிக்க வந்தபோது, "எம் பின்னாடி யாராச்சும் நின்னாங்களாக்கா?" என்று கேட்டாள். வெயிலில் நின்றால் அப்படித்தான், போய்ச் சோறு தின்னு என்று அதட்டினேன். அவள் சிரிக்கவில்லை. டீயையும் குடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கதவுகளைத் தொடங்கினாள். அசோகன் சாப்பிடப் போயிருந்தான். ரோட்டில் வண்டி இல்லை. காற்றுகூட நின்றுபோய், மெஷின் சத்தம் ஒன்றுதான் கேட்டது. நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கதவுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. டீ கிளாசை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் கதவு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு நேர் பின்னால் நின்றேன். கதவில் அவள் தெரிந்தாள், மெஷின் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் நான் தெரிய வேண்டும். நான் குட்டை, பருமன், அன்று மஞ்சள் புடவை. அந்தக் கதவில் என் இடத்தில் நான் இல்லை. மஞ்சளே இல்லை. உயரமாக, சட்டை இல்லாத ஒரு ஆள் நின்றான். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை அசைத்துப் பார்த்தேன். அவன் அசையவில்லை. கிளாஸ் கையிலிருந்து விழுந்து உடைந்தது, அவள் திரும்பவே இல்லை.

மெஷின் ஒரே இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. கருகிய நாற்றம் வந்தது. கறுப்பு வெளிறி, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்து, அதற்கும் அடியில் தகரம் பளிச்சிட்டது. அப்போதும் அவள் எடுக்கவில்லை. நான்தான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பிப் பார்த்தால் கதவில் மஞ்சள் புடவை தெரிந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன், வேறு யாரும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த அசோகன் தலையில் கை வைத்துக்கொண்டான். புது ஆள் கையில் கொடுத்தது என் தப்பு என்று புலம்பினான். பிறகு பெயிண்டரைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்தான், காசிலிங்கம் ஒன்றும் கேட்கவில்லை. கை பழகாததால் எரிந்தது என்றுதான் அசோகன் இன்றைக்கும் நினைக்கிறான். உப்புக்கு அடியில் இருக்கிற சேற்றை அசைக்காத கை அது. நான் அவனிடம் வாதாடவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் திட்டியிருப்பேன், அழவில்லை.

"அவருதான்க்கா. நேத்து மங்கலா நின்னாரு. தேய்க்கத் தேய்க்கத் தெளிஞ்சி வந்தாரு. இன்னிக்கி வாயத் தொறந்து என்னமோ சொன்னாரு. சத்தம் வரல. இன்னும் கொஞ்சம் தேச்சா ஒதடு அசையறது தெரியும்னு பாத்தேன்."

எரிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"நாந்தான்க்கா அழிச்சிட்டேன்."

அவள் கையைப் பிடித்துத் தூக்கி, குப்பத்துக்கு அழைத்துப் போனேன். உயிரோடு இருக்கிற மனுஷன் இப்படி வந்து நிற்க மாட்டான் என்று வழியில் அவளே சொன்னாள்.

பொன்னம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், வேலை நேரத்தில் என்னடி ஊர்சுற்றல் என்று ஆரம்பித்தாள். சிவசங்கரி அவள் முன்னால் உட்கார்ந்து தாலியைப் புடவைக்கு வெளியே எடுத்துப் போட்டாள்.

"அத்த, காரியம் வெச்சிடலாம். நான் கழட்டித் தர்றேன்."

கிழவி வாயாரச் சிரிப்பாள், சாமியைக் கும்பிடுவாள், இத்தனை நாள் எங்கேடி போயிற்று இந்தப் புத்தி என்று ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். வருஷம் முழுக்கத் தெருவே அதிரக் கேட்டது இதைத்தானே. முறம் நின்றுபோயிற்று. மருமகள் முகத்தையே வெறித்தாள். பிறகு எட்டி, அந்தத் தாலியைத் திரும்பப் புடவைக்குள்ளே தள்ளினாள்.

"நீ மாட்டேன் மாட்டேன்னு நின்ன வரைக்கும் எம்மவன் எங்கியோ இருக்கான்னு நானும் தைரியமா கத்திட்டு இருந்தேன்" என்றாள். "இப்ப நீயும் சரின்னுட்டா, நான் எவகிட்டடி போயி சண்ட போடுவேன்?"