சாயக்கூடத்துக் கணினி

வியட்நாமின் சைகோனில் நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் ஒரு குறுகலான வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் காரைக்காலிலிருந்து அந்த ஊருக்குப் போனேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலை தேடியபோது அகப்பட்டது இது. அலுவலகத்தில் இளையவர்கள் எல்லோரும் இணையதளங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் டெல்ஃபியில், அதாவது பாஸ்கல் என்ற பழைய கணினி மொழியில், எழுதித் தொழிற்சாலைகளுக்கு விற்ற நிரல்களைத் தொட யாருக்கும் விருப்பமில்லை. கல்லூரியில் பாஸ்கல் படித்திருக்கிறேன் என்று சொன்னேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

பெரும்பாலும் சில்லறைத் தொந்தரவுகள்தான். திரையின் எழுத்தைப் பெரிதாக்கியதும் ஒரு பொத்தான் சட்டத்துக்கு வெளியே போய் ஒளிந்துகொள்ளும். அச்செடுத்தால் வியட்நாமிய எழுத்தின் தலையிலுள்ள குறிகளெல்லாம் கேள்விக்குறிகளாக விழும். சரிசெய்வேன், புதுப் பிரதியை அனுப்புவேன், அவர்கள் அடுத்த தொந்தரவைச் சொல்வார்கள்.

சைகோனுக்கு வடக்கே பின் யுவோங் என்ற மாகாணத்தில் ஒரு துணிச்சாயத் தொழிற்சாலை எங்கள் பழைய வாடிக்கையாளர். அங்கே ஆய்வகம் ஒரு நிறத்துக்கு எந்தெந்தச் சாயப்பொடி எவ்வளவு என்று முடிவுசெய்து ஒரு கோப்பாக அனுப்பும். சாயக்கூடத்துக் கணினியில் எங்கள் நிரல் அந்தக் கோப்பைப் படித்து, ஒவ்வொரு பொடியின் எடையையும் பெரிய எழுத்தில் காட்டும். தராசின் முன் நிற்பவர் அதன்படி பொடியை அள்ளி நிறுக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தத் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளர் திருப்பூர்க்காரர். ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மணி, ரெண்டு மாசமா நெறம் சரியா வரமாட்டேங்குதுங்க. ஒருநாள் நல்லா வருது, மறுநாள் சந்தனக் கலரு செவந்து போகுது. எடை போடுற அம்மாவுக்குத்தான் கவனம் இல்லீன்னு அவங்கள மடிப்புப் பக்கம் மாத்திப் போட்டேன். இப்ப நிக்கிறது வேற ஆளு. இதுக்கும் அப்படியே ஆவுதுங்க."

எங்கள் முதலாளி ஏற்கெனவே இரண்டு முறை அவருக்குப் பதில் சொல்லியிருந்தார்: அவர்கள் அனுப்பிய கோப்பை அலுவலகக் கணினியில் ஓட்டிப் பார்த்தோம், எடைகள் சரியாகவே வருகின்றன. அது உண்மை. நானும் ஓட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. ஆனால் ஆள் மாறியும் தவறு மாறவில்லை என்றால் தவறு ஆளிடம் இல்லை. நேரில் வருகிறேன் என்றேன்.

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேனில் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். சாயக்கூடத்தில் ஆவியும் உப்பு வாடையும். கணினி புதிது. பழையது ஈரத்தில் கெட்டுப்போனதால் மாற்றினார்களாம். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். மேலாளர் யோசித்தார்.

"அதுவும் ரெண்டு மாசம் இருக்குமுங்க."

முன்பு எடை போட்ட அம்மாவைக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். தவறான நாட்களை அவர்தான் அதிகம் பார்த்தவர். மடிப்புப் பிரிவிலிருந்து வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு, புதுக் கண்ணாடி. என் வியட்நாமியம் தட்டுத்தடுமாறும். அவர் அதைப் பொருட்படுத்தாமல் என்னைத் தங்கை என்றே அழைத்தார்.

"முதல்ல சரியாத்தான் போட்டேன்னு சொன்னேன், தங்கச்சி. திரும்பத் திரும்பத் தப்பு வந்ததும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கண்ணுதான் போச்சோன்னு கண்ணாடி வாங்கினேன். கண்ணாடி போட்டும் தப்பு வந்துச்சு."

அவர் இதைச் சொன்ன விதத்தில் புகார் ஏதும் இல்லை.

ஆய்வகம் அன்று அனுப்பிய கோப்பை ஒரு சீட்டில் அச்செடுத்து வரச்சொல்லி அவர் கையில் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னேன். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன். முதல் பொடி நான்கு என்றார், திரையிலும் நான்கு. அடுத்தது "ஹை ஃபய் நம்" என்றார். இரண்டரை என்று பொருள். திரையில் நான்கு என்றே இருந்தது.

மறுபடி படிக்கச் சொன்னேன். அதே "ஹை ஃபய் நம்". இரண்டு, கமா, ஐந்து. சீட்டில் அச்சாகியிருந்தது புள்ளி. ஆனால் அந்த ஊரில் தசமத்துக்குக் கமாதான் போடுவார்கள். புள்ளியைப் பார்த்தாலும் வாய் கமா என்றே சொல்லும். சந்தையில் நானே அப்படித்தான் சொல்லப் பழகியிருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எந்த நாட்டு முறையில் எண்களை எழுதுவது என்று தீர்மானிக்கும் விண்டோஸின் வட்டார அமைப்பைத் திறந்து பார்த்தேன். வியட்நாம் என்றிருந்தது. புதுக் கணினியைப் பொருத்தியவர் முறைப்படி அப்படி வைத்திருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் புள்ளி போடும் அமெரிக்க ஆங்கிலம்; பழைய கணினியிலும் அதுதான் இருந்திருக்க வேண்டும்.

டெல்ஃபியில் எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளை, தசமக் குறி எது என்பதை விண்டோஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கமா என்று விண்டோஸ் சொல்லிவிட்டால் "2.5" அதற்கு எண்ணே இல்லை. உடனே பிழை என்று நின்றுவிடும். அப்படி நின்றிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் நிரலை முதலில் எழுதியவர், பிழை வந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போ என்று எழுதியிருந்தார். அதனால் முந்தைய பொடியின் எடை அப்படியே தங்கி, அடுத்த பொடிக்கும் அதுவே காட்டப்பட்டது. முழு எண்கள் மட்டும் உள்ள நிறங்கள் நன்றாக வந்தன. தசமம் உள்ளவை கெட்டன. ஒருநாள் சரி, மறுநாள் தவறு என்பதன் காரணம் இவ்வளவுதான்.

மேலாளரிடம் தமிழிலும் அந்த அம்மாவிடம் என் வியட்நாமியத்திலும் சொன்னேன். மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு புள்ளிக்கா இத்தன துணி வீணாப் போச்சு?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என் கண்ணு?"

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்லக்கா."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "டாக்டர் வயசாயிருச்சுன்னு சொன்னாரு. அதுவும் உண்மைதான்."

மேலாளர் அவரை உடனே தராசுக்குத் திரும்பச் சொன்னார். அவர் நகரவில்லை. என்னிடம் மெதுவாகப் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்: "கவனமில்லாதவங்கன்னு எல்லாரும் நிக்கும்போதுதான் இவங்கள மாத்தினீங்களாம். இப்பவும் எல்லாரும் நிக்கும்போது சொல்லணுமாம்."

"ஏனுங்க அம்மணி, இதுக்கெல்லாம் கூட்டம் போட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கேக்க மாட்டாங்களா?"

இதையும் மொழிபெயர்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு, "காலைல சொல்றேன்னு சொல்லுங்க" என்றார்.

மறுநாள் திருத்திய நிரலோடு போனேன். ஆய்வகக் கோப்பில் புள்ளிதான் தசமக் குறி என்று நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன். இனி விண்டோஸ் என்ன சொன்னாலும் கவலையில்லை. பிழையை விழுங்கிய இடங்களிலெல்லாம் திரையில் செய்தி காட்டும்படி மாற்றினேன். வேலை தொடங்கும் முன் தொழிலாளர்கள் வரிசையாக நின்றார்கள். மேலாளர் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னார், ஒரு பெண் வியட்நாமியத்தில் சொன்னாள்: தவறு கணினியினுடையது, எடை போட்டவர் மேல் தவறில்லை. யாரும் கைதட்டவில்லை. அந்த அம்மா நேராகப் பார்த்தபடி நின்றார். பிறகு எல்லோரும் இயந்திரங்களுக்குக் கலைந்தார்கள், அவர் தராசுக்குப் போனார்.

அடுத்த வாரம் மேலாளர் அழைத்தார். "முன்னெல்லாம் சத்தமில்லாம ஓடுச்சுங்க. இப்ப ஆய்வகத்துல ஒரு எழுத்து மாறினாலும் நொய் நொய்ன்னு திரைல ஒரு பொட்டி வந்து நிக்குது."

"வரட்டும் சார். அது நிக்கிறதுதான் நல்லது."

"சரிங்க. இந்தம்மா உங்ககிட்ட என்னமோ சொல்லோணுமாம்."

தொலைபேசி கை மாறியது. திரையில் வரும் அந்தப் பிழைச் செய்தியின் தலைப்பில் நான் "லோய்" என்ற வியட்நாமியச் சொல்லைப் போட்டிருந்தேன். அகராதியில் பிழைக்கு அதுதான் இருந்தது. கணினிகளில் எல்லோரும் போடுவதும் அதுதான். அதே சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு.

"தங்கச்சி, திரையில பெருசா சிவப்புல அந்த வார்த்தை வருது. என் பின்னாடி போறவங்க எல்லாரும் படிக்கிறாங்க. வேற வார்த்தை போட முடியுமா?"

என்ன போடலாம் என்று அவரையே கேட்டேன். 'மறுபடி பாருங்கள்' என்பதற்கு ஒரு சொல் சொன்னார். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டேன். மாற்றுவது ஒரு வரி வேலை. சிவப்பையும் எடுத்துவிட்டு, மதியத்துக்குள் புதுப் பிரதியை அனுப்பிவைத்தேன்.